குற்றப்புனைவின் முதல் விமர்சகர்

துப்பறியும் நாவல்களைப் பற்றிப் பேச்செடுத்தால் தமிழ் இலக்கிய வாசகர்களிடமிருந்து இரண்டு விதமான எதிர்வினைகளே வருகின்றன. ஒன்று முகச்சுளிப்பு. மற்றொன்று, 'பள்ளி நாட்களில் நானும் நிறையப் படித்திருக்கிறேன்' என்னும் புன்னகை. முகம் சுளிப்பவர் அவற்றை ஒட்டுமொத்தமாகக் குப்பை என்கிறார். புன்னகைப்பவர் தம் பால்யத்தை நினைத்துக்கொள்கிறார். இருவருமே செய்யாத ஒரு காரியம் உண்டு. ஒரு துப்பறியும் நாவல் ஏன் நன்றாக அமைந்தது, அதே எழுத்தாளரின் இன்னொரு நாவல் ஏன் சரிந்தது என்று அவர்கள் சொல்வதில்லை. இலக்கிய விமர்சனத்தின் அரிச்சுவடியே அந்தப் பாகுபாடுதான். அதைத் தமிழ்க் குற்றப்புனைவின் விஷயத்தில் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்தவர்கள் பேராசிரியர்களோ சிற்றிதழ் ஆசிரியர்களோ அல்லர். கடையில் உட்கார்ந்து அந்தப் புத்தகங்களை விற்றவர்கள். தமிழ்க் குற்றப்புனைவின் முதல் விமர்சகர் புத்தகக் கடைக்காரரே என்பது என் துணிபு. அவருடைய அறிவு எழுதப்படாமலேயே அழிந்துகொண்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கவலை.

கடைக்காரரின் ஆர்வத்தை வியாபாரத் தந்திரம் என்று எளிதில் ஒதுக்கிவிடலாம். விற்பவன் தன் சரக்கைப் புகழத்தானே செய்வான் என்று கேட்கலாம். இதற்கு வெளியுலகிலிருந்து இரண்டு உதாரணங்களைச் சொல்கிறேன். நியூயார்க்கில் ஓட்டோ பென்ஸ்லர் என்பவர் 1979இல் 'மிஸ்டீரியஸ் புக்‌ஷாப்' என்ற பெயரில், குற்றப்புனைவுகளுக்கென்றே ஒரு கடையைத் திறந்தார். அதற்கு முன்பே, 1975இல், அத்துறைக்கென ஒரு பதிப்பகத்தைத் தொடங்கியிருந்தார். 1976இல் கிறிஸ் ஸ்டைன்ப்ரன்னருடன் சேர்ந்து துப்பறியும் இலக்கியத்திற்கு ஒரு கலைக்களஞ்சியத்தையே வெளியிட்டார். முதற்பதிப்புகளைத் தேடிச் சேகரித்தார், தொகைநூல்களைப் பதிப்பித்தார். அமெரிக்கக் குற்றப்புனைவின் வரலாற்றை எழுத முனைபவர் எவரும் இந்தக் கடைக்காரரைத் தாண்டிப் போக முடியாது. இரண்டாமவர் மாக்சிம் ஜாகுபோவ்ஸ்கி. லண்டன் சேரிங் கிராஸ் சாலையில் 1988இல் 'மர்டர் ஒன்' என்ற கடையைத் திறந்தவர். 2009இல் அக்கடை மூடப்பட்டது. அவரும் எழுத்தாளர், தொகுப்பாசிரியர், மதிப்புரையாளர். விற்பனையும் ரசனையும் அங்கே ஒரே மனிதரிடம் கூடியிருந்தன.

எங்கள் ஊட்டியிலும் ஒரு சேரிங் கிராஸ் உண்டு. ஆடம்ஸ் நீரூற்று நிற்கும் நாற்சந்தி. வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களை மலையெங்கும் ஒட்டிவிட்டுப் போனதில் இதுவும் ஒன்று. லண்டனின் சேரிங் கிராஸைப் போல இங்கே புத்தகக் கடைகள் வரிசையாக அமையவில்லை. ஆனால் இந்த மலையில் படிக்கும் வழக்கம் பழையது. 1859இல் நிறுவப்பட்ட நீலகிரி நூலகம் இன்றும் இருக்கிறது. 1844இல் சென்னையில் தொடங்கப்பட்டு, தென்னிந்திய ரயில் நிலையங்களெங்கும் புத்தக நிலையம் வைத்த ஹிக்கின்பாதம்ஸ் நிறுவனம் ஊட்டியிலும் கிளை கண்டது. இவையெல்லாம் முதலில் ஆங்கிலம் படித்தவர்களுக்கானவை. எஸ்டேட் எழுத்தர்களும், டிரைவர்களும், ஆஸ்பத்திரிச் செவிலியரும், இலை பறிப்பவர்களின் பள்ளிக்குப் போன பிள்ளைகளும் படித்த தமிழ்ப் புத்தகங்கள் வேறு வழியாக மலையேறின. பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட மாத நாவல்களாகவும், பிறகு அவற்றையே பாதி விலைக்கு விற்ற பழைய புத்தகக் கடைகளாகவும் அவை வந்தன.

அப்படியொரு பழைய புத்தகக் கடைக்காரரை நான் அறிவேன். பெயர் வேண்டாம். விளம்பரத்தை விரும்பாதவர். மலையின் ஈரம் சாணித்தாளைச் சும்மா விடாது. ஜூன் மாதம் தொடங்கிவிட்டால் புத்தகம் ஊதிப்போகும், பூசணம் பூக்கும். அவர் தம் கடையின் பின்பக்க அலமாரியில் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டுச் சில கட்டுகளை மட்டும் காப்பாற்றிவந்தார். அவை விற்பனைக்கு அல்ல. எல்லாம் துப்பறியும் நாவல்கள். எந்த அடிப்படையில் அவற்றைப் பொறுக்கி வைத்தார் என்று ஒருமுறை கேட்டேன். "பொணம் எத்தனாவது பக்கத்துல விழுதுங்கறது முக்கியமில்ல சார். கொலைகாரனை மொதல்ல எந்தப் பக்கத்துல காட்டுறாங்கன்னு பாருங்க. கடைசில திடீர்னு ஒருத்தனைக் கொண்டாந்து நிறுத்துனா அது ஏமாத்து" என்றார். இன்னொரு நாவலைக் கையில் எடுத்து, "நல்லாத்தான் போச்சு, கடைசி ஃபாரத்துல அவசரப்பட்டுட்டார்" என்றார்.

இந்த இரண்டாவது கூற்றை நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். அச்சுத் தொழிலில் பதினாறு பக்கம் கொண்டது ஒரு ஃபாரம். மாத நாவல் இத்தனை ஃபாரத்திற்குள் முடிந்தாகவேண்டும். கதை வளர்ந்துகொண்டே போனாலும் தாள் வளராது. மாதந்தோறும் நாள் தவறாமல் கடைக்கு வரவேண்டிய ஒரு வடிவத்தில் எழுத்தாளனின் கற்பனைக்கு எல்லை போடுவது அச்சகத்தின் கணக்கு. ஒரு நாவலின் சரிவை எழுத்தாளனின் திறமைக் குறைவாக மட்டும் காணாமல், உற்பத்தி முறையின் நெருக்கடியாகவும் அந்தக் கடைக்காரர் கண்டார். இதைத்தான் நாங்கள் வகுப்பறையில் 'இலக்கியமும் சமூகப் பொருளாதாரப் பின்புலமும்' என்ற தலைப்பில் நடத்திக்கொண்டிருக்கிறோம். அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

அவர் முதலில் சொன்னதும் சாதாரணமானதன்று. துப்பறியும் கதை வாசகனுக்கு நேர்மையாக இருக்கவேண்டும், துப்புகள் அனைத்தும் அவன் கண்முன் வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது 1920களின் இறுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுத்தாளர்களே விதிகளாக எழுதிவைத்த கொள்கை. ரொனால்ட் நாக்ஸ் பத்துக் கட்டளைகளாக வகுத்தார். அவற்றின் முதல் கட்டளையே, குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான். நம் கடைக்காரர் நாக்ஸைப் படித்தவரல்லர். நூற்றுக்கணக்கான தமிழ் நாவல்களைப் படித்து, தாமாகவே அந்த விதியை வந்தடைந்தார். இலக்கணம் இலக்கியத்திலிருந்து எடுக்கப்படும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

*

இப்படி ஒருவர் ரசித்துப் பிரித்தறிய வேண்டுமானால் பிரித்தறியும் அளவுக்குச் சரக்கு இருக்க வேண்டும். தமிழில் அது ஏராளமாகவே இருந்தது. நூறாண்டுகளுக்கு முன்பே ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' வாசகர்களைக் கட்டிப்போட்டது. அவருடைய துப்பறியும் கோவிந்தன் வீட்டுத் திண்ணைகளில் அறிமுகமான பெயர். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவித் தமிழ் உடுத்திக் கொடுத்தார். வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் படைத்த திகம்பர சாமியார் 1950இல் எம்.என். நம்பியார் பல வேடங்கள் ஏற்ற திரைப்படமாகவும் வந்தார். அந்தத் தலைமுறையில் தமிழ் நாவல் வாசிப்பு பெருகியதில் துப்பறியும் கதைக்குப் பெரும்பங்கு உண்டு. ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' நூல் 2002இல் அக்காலத்தை ஆய்வு நோக்கில் அணுகியது. பிறகு தேவன் வந்தார். துப்பறிவாளனின் மேதைமையையே கேலி செய்து, தற்செயலாகவே வெற்றி பெறும் சாம்புவைப் படைத்தார். ஒரு வகைமையைப் பகடி செய்ய வேண்டுமென்றால் அந்த வகைமை வாசகனுக்கு நன்றாகப் பழகியிருக்க வேண்டும். சாம்பு அதற்கு அத்தாட்சி.

தமிழ்வாணனின் சங்கர்லாலை இந்த மலையிலிருந்துகொண்டு மறக்க முடியாது. உலகெங்கும் பறந்து துப்பறிந்த அவர், சிந்திக்கும்போதெல்லாம் தேநீர் குடித்தார். ஆங்கிலம் கலவாத தமிழில் நாகரிகமாகப் பேசினார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தம்மையே ஒரு கதாபாத்திரமாக ஆக்கிக்கொண்ட தமிழ்வாணன் 1977இல் மறைந்தார். மேடையில் தனித்தமிழ் முழங்கிய காலத்தில் அதைக் கடத்தல்காரனின் வாயிலும் துப்பறிவாளனின் வாயிலும் வைத்துப் பையன்களைப் படிக்கவைத்த அவருடைய சாதனையை மொழி வரலாற்றில் எந்த இடத்தில் வைக்கப்போகிறோம்?

சுஜாதாவின் வக்கீல் கணேஷ் 1968இல் குமுதத்தில் தொடராக வந்த 'நைலான் கயிறு' வழியாக அறிமுகமானார். வசந்த் பின்னர் வந்து சேர்ந்தான். சுஜாதாவை இலக்கிய உலகம் ஏற்றுக்கொண்டது உண்மைதான். ஆனால் அவருடைய சிறுகதைகளுக்காகவும், ஸ்ரீரங்கத்துக் கதைகளுக்காகவும், உரைநடையின் சுறுசுறுப்புக்காகவுமே ஏற்றுக்கொண்டது. கணேஷும் வசந்தும் ஒரு சலுகையாகப் பின்வாசல் வழியே உள்ளே விடப்பட்டார்கள். 1980களில் மாத நாவல்களின் அலை எழுந்தது. ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபா என்னும் இரட்டையர் எழுதிய நரேந்திரனும் வைஜயந்தியும் வீட்டு மனிதர்களைப் போல ஆனார்கள். கோவைக்காரரான ராஜேஷ்குமார் எழுதிய நாவல்களின் எண்ணிக்கை 1,500ஐத் தாண்டியது. அந்த எண்ணிக்கையைச் சொல்லி வியப்பவர்கள் உண்டு, சொல்லிச் சிரிப்பவர்களும் உண்டு. அந்த 1,500இல் எந்தப் பதினைந்து நாவல்கள் நிற்கும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கடைக்காரரைக் கேளுங்கள், சொல்வார்.

இந்த அலைக்குப் பின்னாலும் ஒரு ரசிகர் இருந்தார். 'பாக்கெட் நாவல்', 'க்ரைம் நாவல்' ஆகிய இதழ்களை வெளியிட்ட ஜி. அசோகனை நான் பென்ஸ்லரின் வரிசையில் வைக்க விரும்புகிறேன். எழுத்தாளரின் பெயரையே விற்பனைக்குரிய பெயராக்கி, மாதம் ஒரு நாவலைச் சட்டைப்பை அளவில், யாரும் வாங்கக்கூடிய விலையில் கொண்டுவந்தவர் அவர். அதை எடுத்துச் செல்லும் பாதையாகப் பேருந்து நிலையங்களும் ரயில் நிலையங்களும் அமைந்தன. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் 46 கிலோமீட்டர். 16 குகைகள். மேலே ஏறிச்சேர ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஏறும்போது வாங்கிய நாவல் இறங்கும்போது முடிந்திருக்கும். குகைக்குள் வண்டி நுழைகையில் இருண்டுபோகும் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு வெளிச்சத்துக்குக் காத்திருந்த அனுபவம் இங்கே பலருக்கும் உண்டு. அந்த விரலின் தவிப்பை உண்டாக்குவது ஓர் எழுத்துத் திறன். அதை மதிப்பிட நமக்குச் சொற்கள் வேண்டும்.

*

இலக்கியத் தரப்பிலிருந்து எழக்கூடிய மறுப்பை நான் அறிவேன். குற்றப்புனைவு ஒரு புதிர், விடை தெரிந்தபின் அதில் மிச்சம் எதுவுமில்லை, மறுவாசிப்புக்கு நிற்காதது இலக்கியம் ஆகாது என்பதே அம்மறுப்பு. இதை வலுவாகச் சொன்னவர் அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன். 1944இலும் 1945இலும் 'நியூ யார்க்கர்' இதழில் துப்பறியும் நாவல்களைக் கடுமையாகத் தாக்கிக் கட்டுரைகள் எழுதினார். அவருடைய முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர் எழுதுவதற்கு முன் படித்தார். முதல் கட்டுரைக்கு வாசகர்களிடமிருந்து வந்த கண்டனங்களுக்குப் பிறகு, அவர்கள் பரிந்துரைத்த நாவல்களையும் வாங்கிப் படித்துவிட்டுத்தான் இரண்டாவது தாக்குதலைத் தொடுத்தார். தமிழில் குற்றப்புனைவை நிராகரிப்பவர்கள் அந்த அளவுக்காவது அதற்கு மரியாதை தரலாம். படித்துவிட்டு நிராகரிப்பது விமர்சனம். அட்டையைப் பார்த்து நிராகரிப்பது ஆசாரம்.

நாம் கொண்டாடும் ஆசிரியர்களின் நடைமுறை என்னவென்றும் பார்க்கலாம். தமிழ்ச் சிற்றிதழ்களில் போர்ஹேயின் பெயர் எத்தனை முறை அச்சாகியிருக்கும் என்று கணக்கிட முடியாது. அந்தப் போர்ஹே 1945இல் தம் நண்பர் பியோய் காஸரெஸுடன் சேர்ந்து புவனோஸ் அய்ரஸில் 'ஏழாவது வட்டம்' என்ற பெயரில் துப்பறியும் நாவல் வரிசை ஒன்றைத் தொடங்கினார். ஆங்கிலக் குற்றப்புனைவுகளைத் தேர்ந்தெடுத்து ஸ்பானிய வாசகர்களுக்குக் கொடுத்தார். அதற்கு முன்னரே, 1942இல், இருவரும் புனைபெயரில் சிறையறைக்குள் உட்கார்ந்தபடியே புதிர்களை விடுவிக்கும் ஒரு துப்பறிவாளரைப் படைத்திருந்தார்கள். போர்ஹேயின் கதைகளில் நாம் வியக்கும் அந்தக் கணித ஒழுங்கும் பொய்த்தடங்களும் எங்கிருந்து வந்தன என்பதற்கு இது ஒரு விடை. நாம் போர்ஹேயை எடுத்துக்கொண்டோம், அவருடைய புத்தக அலமாரியை விட்டுவிட்டோம்.

இந்தியாவுக்குள்ளேயே உதாரணங்கள் உண்டு. வங்காளத்தில் 1932இல் சரதிந்து பந்தோபாத்யாய் தொடங்கிய ப்யோம்கேஷ் பக்ஷியும், 1965இல் சத்யஜித் ராய் தொடங்கிய ஃபெலுதாவும் அம்மொழியின் இலக்கியச் சொத்துகளாகவே கருதப்படுகின்றன. உருதுவில் இப்னே சஃபி எழுதிய 'ஜாசூஸி துனியா' வரிசையிலிருந்து நான்கு நாவல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் யார்? மீர் தகி மீரின் கவிதைக்கு உரை கண்ட, உருதுவின் தலைசிறந்த விமர்சகரான ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி. அவற்றை வெளியிட்டது சென்னையைச் சேர்ந்த ப்ளாஃப்ட் பதிப்பகம். அதே ப்ளாஃப்ட் 2008இல் ப்ரீதம் கே. சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் தமிழ் மாத நாவல் எழுத்தைத் தொகுத்து ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. பெட்டிக்கடையில் தொங்கியபோது அருவருப்பாகத் தெரிந்த அட்டைப் படங்கள், ஆங்கிலத் தொகுப்பில் வந்தவுடன் சிலருக்குக் கலையாகத் தெரிந்தன. தமிழன் தன் வீட்டுப் பொருளின் மதிப்பை ஆங்கிலக் கண்ணாடி வழியாகவே உணர்கிறான் என்ற பழைய துயரத்திற்கு இது ஒரு புது அத்தியாயம்.

*

கடைக்காரரின் ரசனையைப் போற்றும்போது அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். இல்லையேல் நானும் சரக்கை விற்பவனாகிவிடுவேன். அவர் கதைக்கட்டுக்கோப்பின் நேர்மையைப் பார்த்தார். கதை எதைப் பார்க்க மறுத்தது என்பதை அவர் கேட்டதில்லை. அட்டையில் பெண்ணுடல் எதற்காக அப்படிக் கிடக்கிறது என்று அவர் கேட்டதில்லை. கொல்லப்படும் பெண் இரண்டு பக்கத்திற்கு மேல் ஏன் பேசுவதில்லை என்றும் கேட்டதில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்கவேண்டியவர்கள் கல்வித்துறையிலிருந்த நாம். நாம் புத்தகத்தையே தொடாததால் கேள்வியும் எழாமல் போயிற்று.

நீலகிரிக்காரனாக எனக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. தமிழ்த் துப்பறியும் நாவல்களில் ஊட்டி வராத ஆண்டு இருக்காது. தனித்த பங்களா, இறங்கிவரும் பனி, தேனிலவுத் தம்பதி, சந்தேகத்திற்குரிய சமையற்காரன், பள்ளத்தாக்கில் விழுந்த கார். பெரும்பாலும் இவ்வளவுதான் ஊட்டி. அந்தப் பங்களாவுக்குக் கீழே, தேயிலைச் சரிவின் முடிவில், லயன் வீடுகள் இருக்கின்றன. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் வாழ்கின்றன. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் என்று இந்த மலைக்கு உரியவர்கள் இருக்கிறார்கள். துப்பறியும் நாவலின் கார் இவர்களையெல்லாம் கடந்து நேரே பங்களா வாசலில் போய் நின்றுவிடுகிறது.

இத்தனைக்கும் இந்த மலையின் வரலாற்றில் குற்றத்திற்குப் பஞ்சமில்லை. சூனியம் வைத்தார்கள் என்ற சந்தேகத்தின் பேரில் 19ஆம் நூற்றாண்டில் குறும்பர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டதை வெள்ளை அதிகாரிகளின் பதிவுகள் சொல்கின்றன. யார் கொன்றார்கள் என்பது அங்கே புதிரன்று. ஒரு சமூகமே ஏன் கொலைக்கு உடன்பட்டது என்பதுதான் புதிர். நடுவட்டத்தில் சின்கோனாத் தோட்ட வேலைக்காகக் கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளை அடைத்துவைத்த சிறை இருக்கிறது. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதைவிட நல்ல நாவல் தொடக்கம் எது? அருகிலுள்ள காலத்திற்கு வருவோம். 2017 ஏப்ரலில் கோடநாடு எஸ்டேட்டில் காவலாளி ஒருவர் கொல்லப்பட்டு, பங்களாவுக்குள் கொள்ளை நடந்தது. அவ்வழக்கில் சம்பந்தப்பட்டவராகச் சொல்லப்பட்ட ஒருவர் சில நாட்களிலேயே சாலை விபத்தில் இறந்தார். 2022இல் விசாரணை சி.பி.சி.ஐ.டி.யிடம் ஒப்படைக்கப்பட்டது. தனித்த பங்களா, பனி, எஸ்டேட், காவலாளி என்று துப்பறியும் நாவலின் சாமான்கள் எல்லாமே அங்கே இருந்தன. கடைசி ஃபாரத்தில் விடை சொல்லும் விவேக் மட்டும் இல்லை.

வாசகன் ஏன் குற்றப்புனைவை விரும்புகிறான் என்பதற்கு இங்கேதான் ஒரு விடை கிடைக்கிறது. வெளியுலகில் ஆண்டுக்கணக்கில் இழுபடும் நீதி, அங்கே பதினெட்டாம் அத்தியாயத்தில் கிடைத்துவிடுகிறது. இதைத் தப்பித்தல் என்று சொல்வார்கள். நான் அதை ஓர் எதிர்பார்ப்பின் பதிவு என்பேன். பேருந்துக்குக் காத்திருந்து, கூலிக்குக் காத்திருந்து, பட்டாவுக்கும் தீர்ப்புக்கும் காத்திருந்த மக்கள், உண்மை ஒருநாள் சபையில் சொல்லப்படும் என்ற நம்பிக்கையைக் கைப்பணம் கொடுத்து மாதாமாதம் வாங்கினார்கள். நம் சமூகத்தில் நீதி குறித்து நிலவிய கற்பனையை ஆராய விரும்புகிறவனுக்கு இதைவிடப் பெரிய சான்றுக் குவியல் கிடைக்காது.

அந்தக் குவியல்தான் இப்போது கரைந்துகொண்டிருக்கிறது. மாத நாவல் என்பது அடுத்த மாதத்தோடு செத்துப்போகும் சரக்கு. விற்காத பிரதி எடைக்குப் போகும், விற்ற பிரதி பொட்டலமாகும். நூலகங்கள் அவற்றைச் சேர்த்துவைக்கவேண்டிய புத்தகமாக மதித்ததில்லை. ரோஜா முத்தையாவின் கதை இங்கே நினைவுகூரத்தக்கது. பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த அவர், கோட்டையூரில் தம் வீட்டில், உயர்ந்தது தாழ்ந்தது என்று பாராமல் அச்சில் வந்த எல்லாவற்றையும் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. பழைய நாவல்களையும் குஜிலி நூல்களையும் பாட்டுப் புத்தகங்களையும் இன்று ஆய்வாளர்கள் அங்கே போய்த்தான் புரட்டுகிறார்கள். ஒரு காலத்தில் படித்தவர்கள் தொடத் தயங்கியவைதாம் அவை. அவற்றைக் காப்பாற்றியது பல்கலைக்கழகத் துறை ஏதும் அல்ல, ஒரு தனிமனிதரின் பித்து.

1980களின் குற்றப்புனைவுக்கும் அத்தகைய பித்தர்கள் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது. கடைகள் ஒவ்வொன்றாகக் கைப்பேசிக் கடைகளாகவும் சாக்லேட் கடைகளாகவும் மாறிவருகின்றன. தமிழ்த்துறைகள் செய்யக்கூடிய எளிய வேலை ஒன்று இருக்கிறது. முதுகலை மாணவர் ஒருவரை ஒரு கடைக்காரரிடம் அனுப்பி, அவர் எதை வைத்துக்கொண்டார், எதை எடைக்குப் போட்டார், ஏன் என்று கேட்டு எழுதிவரச் சொல்வது. பல்லாயிரம் பக்கங்களைப் படித்த ஒருவரின் தேர்வுப் பட்டியல் அதனால் கிடைக்கும். அதை ஏற்கலாம், மறுக்கலாம். அதன் மேல் நம் கேள்விகளை அடுக்கலாம். பட்டியலே இல்லாமல் நாம் ஏற்பதும் மறுப்பதும் காற்றில் எழுதும் எழுத்து.

என் வகுப்புக்கு வரும் எஸ்டேட் பிள்ளைகளிடம் முதல் நாள், பாடப்புத்தகம் அல்லாமல் தானாக விரும்பிப் படித்த முதல் புத்தகம் எது என்று கேட்பது வழக்கம். பதில் சொல்லத் தயங்குவார்கள். இரண்டாம் முறை கேட்டால், அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த ஒரு க்ரைம் நாவலின் பெயரைத் தலையைக் குனிந்துகொண்டு சொல்வார்கள். அந்தத் தலைகுனிவைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான். அதைப் போக்கும் பொறுப்பும் நம்முடையதே. அந்த நாவல் நல்ல நாவலா, கொலைகாரனை எந்தப் பக்கத்தில் காட்டினார்கள், உனக்கு எங்கே சந்தேகம் வந்தது என்று அடுத்த கேள்விகளைக் கேட்கத் தொடங்கினால் போதும். தலை நிமிரும், விமர்சனமும் தொடங்கும்.